வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்குறோம், கம்பெனிகிட்ட ஏன் வாங்கல?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் வாலாஜாபாத் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். உங்க பேப்பர் எங்க வீட்டுல ரொம்ப வருஷமா வாங்குறோம், ஆனா ஆசிரியருக்கு லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவை. எழுத்துல தப்பு இருந்தா திருத்திப் போட்டுக்குங்க, விஷயத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

"இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை"ன்னு மொதல் பக்கத்துல செய்தி வருது இல்லையா, ரெண்டு பக்கமும் கொடி வச்சு ஃபைலை மாத்திக்கிற போட்டோவோட, அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு சந்தோஷமாவும் இருக்கு, வயித்துல புளியைக் கரைக்கிற மாதிரியும் இருக்கு. ஏன்னா அந்த மாதிரி செய்தியை நம்பி 2008ல பிளஸ் டூ முடிச்ச கையோட ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு, அதாவது ஏற்றுமதி கம்பெனிங்களுக்கு வரிச்சலுகை குடுக்கிற இடத்துக்கு, வேலைக்குப் போனவ நான். செல்போனுக்கு பார்ட்ஸ் செய்யுற ஒரு கம்பெனி. பேரு வேணாம், அந்தக் கம்பெனி மேல மட்டும் புகார் சொல்ல நான் இதை எழுதல.

எங்க அப்பா தறி நெய்யுறவர். காஞ்சிபுரம் பட்டுன்னு சொன்னா ஊரே பெருமையா பாக்கும், ஆனா கூலிக்கு நெய்யுறவன் வீட்டுல அந்தப் பட்டு ஒரு முழம் கூட இருக்காது. ஒரு சேலை முடிக்க வீட்டுல ரெண்டு பேர் நாள் கணக்கா உக்காரணும், பாவு வர லேட் ஆனா அந்த வாரம் அடுப்பு எரியறதே கஷ்டம். அப்படி இருக்கிற வீட்டுல மாசம் 4,200 ரூபா, அதுவும் ஒண்ணாந்தேதி ஆனா டாண்ணு பேங்குல விழுது, கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வருது, கேண்டீன்ல சாப்பாடு, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் உண்டுன்னா யாரு வேணாம்பாங்க? என் பேருல வந்த ஏடிஎம் கார்டுதான் எங்க தெருவுல ஒரு பொண்ணு பேருல வந்த முதல் கார்டு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாலாஜாபாத் போயி முதல் தடவை பணம் எடுத்தப்போ அம்மா அந்த நோட்டை கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. தம்பி டிப்ளமோ படிச்சது என் சம்பளத்துல. 19 வயசுலேயே ஒரு வரன் வந்துச்சு, "வேலைக்குப் போறா, இப்ப வேணாம்"னு அப்பா வாயால சொன்னாரே, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அதனால இந்த மண்டலம், ஆலை, எதுவுமே வேணாம்னு சொல்றவங்க கூட என்னால சேர முடியாது. அந்த ஆறு வருஷம் எனக்கு ஒரு வாழ்க்கையைக் காட்டுச்சு.

நைட் ஷிப்ட் பத்தியும் சொல்லிடறேன். ஃபேக்டரி சட்டப்படி முன்னாடி பொம்பளைங்க ராத்திரி வேலை பாக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, 2000ல சென்னை ஹைகோர்ட் அந்தப் பிரிவு செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்த பிறகுதான் எங்க மாதிரி பொண்ணுங்க ராத்திரி உற்பத்தி லைன்ல நிக்க வழி ஆச்சு. ராத்திரி முழுக்க நின்னுட்டு காலைல பஸ்ல தலை சாஞ்சு தூங்கிக்கிட்டே வர்ற அந்த அலுப்பு இருக்கே, அது கூட அந்த வயசுல ஒரு பெருமையா இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் வேலையில இருந்தப்போ இந்த மண்டலம்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது, கேட்டுல தனியா செக்கிங் இருக்கும், உள்ள போறது வர்றது எல்லாத்துக்கும் கணக்கு, அவ்வளவுதான். வேலை போன பிறகுதான் இதைப் பத்தி தேடித் தேடிப் படிச்சேன். தாம்பரத்துல மெப்ஸ்ங்கிற ஏற்றுமதி மண்டலம் 1984லயே வந்துடுச்சு, ஆனா நாடு முழுக்க இப்படி மண்டலம் மண்டலமா வந்தது 2005 சட்டத்துக்கு அப்புறம். உள்ள இருக்கிற கம்பெனி வெளிநாட்டுல இருந்து சாமான் கொண்டு வந்தா சுங்க வரி கிடையாது. 2020 வாக்குல வரைக்கும் உள்ள தொழில் ஆரம்பிச்ச கம்பெனிக்கு ஏற்றுமதி லாபத்துல வருமான வரி முதல் 5 வருஷம் முழுசா தள்ளுபடி, அடுத்த 5 வருஷம் பாதி, அதுக்கப்புறமும் 5 வருஷம், திரும்பத் தொழில்ல போடுற லாபத்துக்கு பாதி வரைக்கும். மொத்தம் 15 வருஷம். இவ்வளவு தெளிவா, வருஷம் போட்டு, சதவீதம் போட்டு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. பத்து வருஷம் தேடினாலும் அதே சட்டத்துல "உள்ள வேலை பாக்கிற பொண்ணுக்கு இத்தனை வருஷம் வேலை"ன்னு ஒரு வரி கிடைக்காது.

ஸ்ரீபெரும்புதூர்ல செல்போன் செஞ்ச நோக்கியா கம்பெனி கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா மறந்துட்ட மாதிரி இருக்கிறதால சொல்றேன். 2005 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம், 2006 ஜனவரியில உற்பத்தி ஆரம்பம். நல்லா ஓடின காலத்துல நேரடியா மட்டும் 8,000 பேர் கிட்ட வேலை பாத்தாங்க, அதைச் சுத்தி பார்ட்ஸ் குடுக்கிற கம்பெனிங்கள்ல அதுக்கு மேல. 2013ல வருமான வரித்துறை 2,000 கோடிக்கு மேல கட்டணும்னு நோட்டீஸ் விட்டுச்சு, அப்புறம் மாநில வணிகவரித்துறை ஏற்றுமதின்னு சொல்லி உள்ளூர்லயே வித்துட்டீங்க, 2,400 கோடி கட்டுன்னு கேட்டுச்சு. கம்பெனி இல்லைன்னுச்சு, கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு. இதுக்கு நடுவுல 2013 செப்டம்பர்ல போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குறதா அறிவிப்பு, 2014 ஏப்ரல்ல அது முடிஞ்சப்போ நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஆலையைச் சேத்துக்கல. ஆயிரக்கணக்குல விஆர்எஸ், அதாவது விருப்ப ஓய்வு. 2014 நவம்பர் 1 கதவைச் சாத்திட்டாங்க. வருஷம் முடியறதுக்குள்ள பக்கத்துல இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்னு போச்சு. வரி விஷயத்துல யாரு பக்கம் நியாயம்னு நான் பேச வரல. அரசாங்கமும் கம்பெனியும் கோர்ட்டுல பேசிக்கிட்டாங்க, அந்தப் பேச்சுல எங்க பேரு எங்கயும் வரல. அதுதான் என் ஆத்திரம்.

எங்க கம்பெனியில அது எப்படி வந்துச்சுன்னா, முதல்ல ஓவர்டைம், நாங்க ஓடின்னு சொல்லுவோம், அது நின்னுச்சு. அப்புறம் மூணு ஷிப்ட் ரெண்டாச்சு. அப்புறம் லைன்ல ஆளே இல்லாம பாதி மெஷின் கவர் போட்டு மூடிக் கிடந்துச்சு, எங்களை சும்மா ட்ரெய்னிங் ரூம்ல உக்கார வச்சாங்க. ஒரு நாள் ஹெச்ஆர் கூப்பிட்டு "விருப்ப ஓய்வு" பேப்பரை நீட்டினாங்க, இன்னைக்கு கையெழுத்துப் போட்டா இவ்வளவு, அடுத்த வாரம்னா குறையும்னு. 24 வயசுல நான் விருப்பப்பட்டு ஓய்வு எடுத்தேன்னு அந்தப் பேப்பர்ல இருக்கு அய்யா. அந்த வார்த்தையை இன்னும் என்னால ஜீரணிக்க முடியல. பின்னாடி ஒரு சங்கத்துக்காரர்தான் விளக்கினார், 100 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற ஆலையை மூடணும்னா அரசாங்க அனுமதி வாங்கணும், மூடினா ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம்னு கணக்கு இருக்கு, ஆனா நாமளே விருப்ப ஓய்வுல கையெழுத்துப் போட்டுட்டா ஆலையை மூடினதா ஆகாது, நாம போனதா ஆயிடும்னு. அந்த 100 பேருங்கிறதும் 2020ல நாடாளுமன்றத்துல நிறைவேறின தொழிலுறவுச் சட்டத் தொகுப்புல 300 ஆயிடுச்சு. சட்டம் தெரியாம 24 வயசுப் பிள்ளைங்க நூத்துக்கணக்குல வரிசையில நின்னு கையெழுத்துப் போட்டோம், பக்கத்துல நின்ன பொண்ணு பேனாவைக் குடுக்கும்போது அவ கை நடுங்கினது இன்னும் கண்ணுல நிக்குது.

வந்த பணம் ஒரு லட்சத்து சொச்சம். அது கல்யாணத்துல கரைஞ்சுது.

இதுல எங்களை மட்டும் சொன்னா பத்தாது. சுங்குவார்சத்திரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இருந்த கொஞ்ச நிலத்தை வித்து, மேல கடனும் வாங்கி, எட்டு லைன் வீடு கட்டினாங்க. ஒரு ரூம்ல நாலு பொண்ணுங்க, ஆரணி, வந்தவாசி, விழுப்புரம், இன்னும் தூரத்துல இருந்தெல்லாம் வந்தவங்க. காலைல அஞ்சு மணிக்கே இட்லி போடுற கடை, ஷேர் ஆட்டோ, செல் ரீசார்ஜ் கடை, சீட்டு நகைக்கடை, ப்ளவுஸ் தைக்கிறவங்கன்னு அந்த ரோடே ஒரு திருவிழா மாதிரி இருக்கும். 2015 பொங்கலுக்கு நான் போனப்போ எட்டு வீட்டுல ஆறு பூட்டிக் கிடந்துச்சு. வாசல்ல "வீடு வாடகைக்கு"ன்னு அட்டை தொங்குது, படிக்கத்தான் ஆள் இல்ல. கடன் மட்டும் மாசாமாசம் வந்துச்சு. கம்பெனி சம்பளக் கணக்குல இந்த அக்கா பேரு இல்ல, அதனால வேலை இழந்தவங்க எண்ணிக்கையிலயும் இவங்க இல்ல.

அந்த அக்கா வீட்டு வாசல்ல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தப்போதான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு, இதைச் சொல்லத்தான் இந்த லெட்டரே. நம்ம ஊர்ல 4,000 ரூபா சம்பளக்காரப் பொண்ணு ஒரு ரூமுக்கு வந்தாலே அஞ்சு மாச வாடகை அட்வான்ஸ் வாங்காம சாவி குடுக்க மாட்டோம். காலி பண்ணும்போது கரண்ட் பில் பாக்கி, வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை புடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தர்றோம். அது நியாயம்தான், வீட்டுக்காரருக்கு ஒரு பாதுகாப்பு வேணும் இல்ல. அப்ப நூத்துக்கணக்கான ஏக்கர் நிலம், தடையில்லாத கரண்ட், தண்ணி, ரோடு, வரிச்சலுகை எல்லாம் குடுத்து ஒரு கம்பெனியைக் குடி வைக்கிறோமே, அவங்ககிட்ட ஏன் அட்வான்ஸ் வாங்கல?

சலுகையா விட்டுக் குடுக்கிற வரியில நூத்துக்கு அஞ்சு ரூபாயோ பத்து ரூபாயோ, அதைத் தனியா ஒரு கணக்குல போட்டு வைக்கச் சொல்லுங்க. மண்டலத்தோட ஆணையரும் தொழிலாளர் துறையும் சேந்து பாத்துக்கட்டும். 15 வருஷம் சொன்ன மாதிரி வேலை குடுத்தா வட்டியோட அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. நடுவுல மூடிட்டுப் போனா அந்தப் பணம் உள்ள வேலை பாத்தவங்களுக்கு, காண்ட்ராக்ட் ஆளுங்களையும் சேத்து, அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் சம்பளமா, வேற தொழில் படிக்கக் கட்டணமா போகட்டும். காண்ட்ராக்ட் ஆளுங்களையும் சேத்துன்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, எங்க கம்பெனியில கடைசி வருஷம் பாதிக்குப் பாதி அவங்கதான், ஒரு ராத்திரியில ஐடி கார்டு ஸ்கேன் ஆகாம கேட்டுலயே நின்னவங்களும் அவங்கதான், அவங்களுக்கு நீட்ட ஒரு விஆர்எஸ் பேப்பர் கூட இல்ல.

இதை நான் சொன்னா எங்க வீட்டுக்காரரே, "இப்படியெல்லாம் கண்டிஷன் போட்டா ஆந்திராவுக்குப் போயிடுவான், வியட்நாமுக்குப் போயிடுவான்"னு சொல்றாரு. போவாங்களா? துறைமுகம் பக்கத்துல, ஏர்போர்ட் பக்கத்துல, பெங்களூரு ஹைவே வாசல்ல, பிளஸ் டூவும் டிப்ளமோவும் படிச்ச பொண்ணுங்க ஊர் ஊரா இருக்காங்க, இதுக்காகத்தான் வந்தாங்க. அட்வான்ஸ் கேட்டா நல்ல குடித்தனக்காரர் ஓட மாட்டார் அய்யா. ரெண்டு மாசத்துல காலி பண்ற எண்ணத்தோட வர்றவருதான் யோசிப்பாரு.

சலுகை எவ்வளவு போச்சு, பதிலுக்கு என்ன வந்துச்சுங்கிற கணக்கை 2014லயே மத்திய தணிக்கைத் துறை, சிஏஜி, எடுத்துச் சொல்லியிருக்கு. 2006-07ல இருந்து 2012-13 வரைக்கும் நாடு முழுக்க இந்த மண்டலங்களுக்காக விட்டுக் குடுத்த வரி 83,000 கோடி ரூபாய்க்கு மேல. அவங்க சாம்பிளுக்கு எடுத்துப் பாத்த மண்டலங்கள்ல வேலை தர்றதா சொன்னது 39 லட்சம் பேருக்கு, குடுத்தது 3 லட்சத்துக்கும் கீழ. மண்டலத்துக்குன்னு அறிவிச்ச நிலத்துல மூணுல ஒரு பங்குக்கும் மேல வேலையே ஆரம்பிக்காம கிடந்துச்சாம். அந்த நிலத்துல நெல்லு வெளஞ்சிருக்கும், மாடு மேய்ஞ்சிருக்கும், யாரோ ஒருத்தர் அதை நம்பி பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருப்பாங்க. கணக்குல அது ஹெக்டேர்னு மட்டும் வருது.

வயசு விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. 24ல வேலை போச்சு, கல்யாணம் முடிஞ்சு குழந்தை பிறந்து ரெண்டு வருஷம் கழிச்சு 28ல திரும்ப வேலை தேடிப் போனேன். ஆறு வருஷம் லைன்ல நின்னிருக்கேன், மூணு பேர் வேலையை ஒருத்தியா பாப்பேன், எது ரிஜெக்ட்னு கண்ணால பாத்தே சொல்லுவேன். கம்பெனிக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்காரர் ஆதார் கார்டை வாங்கி வருஷத்தைப் பாத்தாரு, "கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னு கேட்டாரு, கார்டைத் திருப்பிக் குடுத்துட்டாரு. 18ல இருந்து 24, 25 வரைக்கும்தான் எடுப்பாங்களாம். 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், எங்க பக்கம் திரும்ப ஆலை நடத்துற ஃபாக்ஸ்கானோட ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில கல்யாணம் ஆன பொம்பளைங்களை வேலைக்கு எடுக்காம ஒதுக்குறாங்கன்னு செய்தி போட்டு, மத்திய அரசு மாநிலத்துகிட்ட அறிக்கை கேட்டுச்சு. கம்பெனி மறுத்துச்சு, நாங்க கல்யாணம் ஆனவங்களையும் எடுக்கிறோம்னு சொன்னாங்க. டெல்லியில அதை ஒரு புதுச் செய்தியா பேசிக்கிட்டாங்க, எங்க ஊர்ல ஏஜென்சி டேபிளுக்கு முன்னாடி நின்ன எந்தப் பொண்ணுக்கும் அது புதுசு இல்ல. சிறப்பு மண்டலச் சட்டத்துலயே, 49ஆவது பிரிவுல, தொழிற்சங்கம், வேலை நிலைமை, பிஎஃப், மகப்பேறு சலுகை சம்பந்தப்பட்ட சட்டங்கள்ல இருந்து மண்டலத்துக்கு விலக்கு குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. கல்யாணம் ஆனதுமே வெளிய நிக்கச் சொன்னா அந்த மகப்பேறு சலுகை யாருக்கு?

இப்ப என் அக்கா பொண்ணு போறா. 19 வயசு, ஹாஸ்டல்ல இருக்கா. என்னை விட அவளுக்கு நிலைமை கொஞ்சம் நல்லா இருக்குன்னு ஒத்துக்கணும். ஆனா அது சும்மா வரல. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பொண்ணுங்க தங்கியிருந்த ஹாஸ்டல் சாப்பாட்டுல விஷம் கலந்த மாதிரி ஆகி 159 பேர் ஆஸ்பத்திரியில சேந்தாங்க, ஆயிரக்கணக்கான பொண்ணுங்க ராத்திரியில சென்னை - பெங்களூரு ஹைவேயில உக்காந்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி டிவியில பாத்துட்டு நான் அழுதேன், பயத்துல இல்ல, எங்க காலத்துல எங்களுக்கு அந்த தைரியம் வரலியேன்னு. ஆலையை மூடி வச்சு, ஆப்பிள் கம்பெனியே ஹாஸ்டலும் சாப்பாட்டு இடமும் எங்க தரத்துக்கு இல்லைன்னு ஒத்துக்கிட்டு, அடுத்த ஜனவரியிலதான் திறந்தாங்க. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல மாநில அரசோட சிப்காட் நிறுவனம் கட்டின 18,720 பேர் தங்குற குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வச்சாரு, 700 கோடிக்கு மேல செலவு. நல்ல விஷயம், மனசாரப் பாராட்டுறேன். ஆனா அங்க தங்கியிருக்கிற ஒவ்வொரு பொண்ணுக்கும் 25 வயசு ஆகும் அய்யா. அன்னைக்கு அவங்க எங்க போவாங்கன்னு யாராவது ஒருத்தர் இப்பவே யோசிக்கணும்.

அக்கா பொண்ணு போன வாரம் போன்ல "சித்தி, ஓடி நிறைய குடுக்கிறாங்க, தீபாவளிக்குள்ள ஒரு செயின் எடுத்துடுவேன்"னு சந்தோஷமா சொன்னா. எடுத்துக்கோடின்னேன். அதோட, சம்பள சிலிப் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வை, பிஎஃப் நம்பரை எழுதி வை, எந்தப் பேப்பரையும் படிக்காம கையெழுத்துப் போடாதேன்னு சொன்னேன். "ஏன் சித்தி இப்படி பயமுறுத்துற?"ன்னு சிரிச்சா. என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

ஆசிரியர் அய்யா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அடுத்து ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது உங்க நிருபரை விட்டு, எத்தனை பேருக்கு வேலைங்கிறதோட நிக்காம, அதுல நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை, எந்த வயசு வரைக்கும், மூடினா என்னன்னு கேக்கச் சொல்லுங்க. அவங்க பதில் சொல்லலைன்னா சொல்லலைன்னே போடுங்க. ஒப்பந்தத்தைத் தமிழ்ல எங்க பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டச் சொல்லி எழுதுங்க, நிலம் போற ஊரும் பொண்ணுங்க போற ஊரும் படிச்சுப் பாக்கட்டும். நிருபர் எங்க ஊர்ப் பக்கம் வந்தா இன்னும் நல்லது. எங்க தெருவுலயும் பக்கத்துத் தெருவுலயுமா சேத்து பழைய ஐடி கார்டு வச்சிருக்கிறவங்க பதினோரு பேர் இருக்கோம், ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா எல்லாரும் வீட்டுல இருப்போம்.

இப்படிக்கு,
முன்னாள் ஆபரேட்டர் ஒருத்தி,
வாலாஜாபாத் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்